மலையில் அடங்கி, சமவெளியில் நடுங்கும் ஜீப்

திண்டுக்கல் நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிடக்க, தென்கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரின் கீழ்மலைகளும் திடீரென எழுந்து நிற்பதால், இப்பகுதியில் ஓடும் ஒரு பழைய ஜீப் ஒரே நாளில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு சாலைகளைச் சந்திக்க நேர்கிறது. நத்தம் சாலையில் சிறுமலைப் பிரிவில் திரும்பி 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போதும், தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர், கே.சி.பட்டி போன்ற கீழ்மலை ஊர்களின் காப்பித் தோட்டத்துக் கல்பாதைகளில் இறங்கும்போதும் அதன் வேகம் மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அதே வண்டி மலைவாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்து, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நான்குவழித் தடத்தில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. கல்பாதைக்காக அடிப்பாகம் உயர்த்தப்பட்ட ஜீப்புகளின் ஸ்டியரிங் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் சாலையில்தான் வெளிப்படுகின்றன. உயர்த்திய வேலை நடந்ததும் சோதித்துப் பார்த்ததும் குறைந்த வேகத்தில் என்பதால், கோளாறு தோன்றும்போது அதற்கும் உயர்த்தியதற்கும் உள்ள தொடர்பு உரிமையாளரின் கவனத்துக்கு வருவதில்லை. டயரையோ, முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்ந்து திரும்ப வைக்கும் டை ராடையோ, அண்மையில் மாற்றிய வேறு ஏதேனும் ஒரு பொருளையோதான் பழி சேர்கிறது.

இவ்வகை வண்டிகளின் மூலம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் ஆகும். 1945இல் மஹிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கி 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.3பி என்னும் வகையின் உருவம், எஞ்சினும் கியர் பெட்டியும் பலமுறை மாறிய பின்னரும், இந்நாட்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது. எம்.எம்.540, மேஜர் முதலிய பெயர்களில் சாலைகளில் இன்றும் காணப்படும் வண்டிகள் அவ்வழி வந்தவையே. இவற்றின் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திடமான அச்சு இணைக்கிறது. அந்த அச்சை லாரித் தொழிலில் பட்டை என்று வழங்கப்படும் எஃகுத் தகட்டு ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. இந்த அமைப்பின் எளிமையே உயர்த்தும் வேலைக்கு வசதியாக அமைந்துவிட்டது. பட்டறைத் திறன் உள்ள எவரும் இரண்டு நாளில் செய்துவிடக்கூடிய மாற்றம் அது.

உயர்த்தும் முறைகள் மூன்றனுள் முதலாவது, கூடுதல் வளைவுள்ள பட்டைகளைப் போடுவது அல்லது இருக்கும் கட்டோடு ஒன்றிரண்டு தகடுகளைச் சேர்ப்பது. இரண்டாவது, பட்டையின் ஒரு முனையைச் சேஸிசோடு இணைத்து ஊசலாட விடும் ஷாக்கிள் என்னும் இணைப்பை நீளமாக்குவது. மூன்றாவது, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே கொண்டுவந்து, அதற்கான இருக்கைகளைப் புதிதாக வெல்டிங் செய்வது. அச்சுக் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரை, இதனால் உயரம் கிடைக்கும். மூன்றும் உயரத்தையே தருகின்றன என்றாலும் அச்சின் சாய்வுக்கு அவை செய்வது ஒன்றல்ல. நோயைக் கண்டறிவதற்கு முன் எந்த முறையில் உயர்த்தப்பட்டது என்பதைக் கேட்டறிவது பாதி வேலையை முடித்துவிடும்.

சாய்வு என்று இங்கே குறிப்பிடப்படுவது காஸ்டர் கோணம். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்குச் சுழல்மையமாக இருக்கும் கிங் பின்னின் மேல்முனை, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, வண்டியின் பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுக் கோட்டைக் கீழே நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் முட்டும். ஆகவே ஓடும்போது டயரின் தொடுபரப்பு சுழல்மையத்துக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. சக்கரம் நேர்திசையிலிருந்து விலகினால், தரை கொடுக்கும் பக்கவிசை அதை மீண்டும் நேர்திசைக்கே தள்ளுகிறது. பழைய வில்லிஸ் வண்டிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட காஸ்டர் 3 பாகை. டயர் மையத்திலிருந்து தரைவரை 35 சென்டிமீட்டர் உயரம் என்று கொண்டால், இந்த 3 பாகை தரும் இழுவைத் தொலைவு வெறும் 18 மில்லிமீட்டர். வளைவைத் தாண்டியதும் ஸ்டியரிங் தானாக நேராவதற்கும், நெடுஞ்சாலையில் கையை லேசாக வைத்தாலே வண்டி நேராகப் போவதற்கும் பெரும் பங்கு இந்த விரற்கடை அளவுக்கே உரியது.

நீளமான ஷாக்கிள் இந்த அளவை எப்படி விழுங்குகிறது என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம். முன்பட்டையின் ஷாக்கிள் முன்முனையிலும் அசையாத பிணைப்பு பின்முனையிலும் உள்ள ஜீப்பில், ஷாக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால், அச்சு பட்டையின் நடுவில் இருப்பதால், வண்டி உயர்வது அதில் பாதியாகிய 25 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் பட்டையின் முன்முனை பின்முனையைவிட 50 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. பட்டையின் நீளம் 90 சென்டிமீட்டர் என்றால் அது 3 பாகைக்குச் சற்று அதிகமான சாய்வு. பட்டையோடு இறுகப் பிணைக்கப்பட்ட அச்சும் அதே அளவு முன்னோக்கிக் குப்புறச் சாய்கிறது. தொழிற்சாலை கொடுத்த 3 பாகையும் ஓர் அங்குல உயரத்துக்காகக் கரைந்துபோகிறது. கல்பாதையில் ஓர் அங்குலத்தால் கிடைக்கும் நன்மை அற்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று முறைகளில் இதுவே மிக மோசமான பேரம். பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றும் முறையில் காஸ்டர் தானாகக் கெடுவதில்லை என்றாலும், புதிய இருக்கையை எந்தக் கோணத்தில் வெல்டிங் செய்கிறார்களோ அதுவே வண்டியின் நிரந்தரக் காஸ்டராக ஆகிவிடுகிறது. கோணமானி வைக்காமல் கண்மதிப்பில் ஒட்டப்பட்ட இருக்கைகள் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக அமைந்து, அச்சுக் குழாயையே முறுக்கி வைத்திருப்பதும் உண்டு.

காஸ்டர் குறைந்த வண்டியின் அறிகுறி தனித்தன்மை உடையது. வேகம் கூடக்கூட வண்டி சாலையில் அலையும். ஓட்டுநர் இடைவிடாமல் சிறுசிறு திருத்தங்கள் செய்துகொண்டே இருப்பார். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் கையைத் தளர்த்தினாலும் திரும்பி வராது. அதிர்வோ சத்தமோ இருக்காது. இந்த அறிகுறி சுமையைப் பொறுத்தும் மாறுகிறது என்பது கீழ்மலை வண்டிகளை ஆராய்வோர் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. ஏறத்தாழ 2 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட குட்டை ஜீப்பின் பின்பகுதி மூட்டைகளின் பாரத்தால் 50 மில்லிமீட்டர் அமுங்கினால், சேஸிஸ் முழுவதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, முன் அச்சுக்கு ஒன்றரைப் பாகையை ஒட்டிய காஸ்டரை இலவசமாகத் தந்துவிடுகிறது. சரக்கோடு இறங்கியபோது ஓரளவு நேராக ஓடிய வண்டி, சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அலைகிறது என்று ஓட்டுநர் சொன்னால், அவர் சொல்வது பிரமை அன்று. காஸ்டர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, முன்சக்கரங்கள் தரையை அழுத்தாத அளவுக்குப் பின்னால் பாரம் ஏற்றினால், காஸ்டர் எவ்வளவு இருந்தாலும் ஸ்டியரிங் இலேசாகி மிதக்கும். அது வடிவியலின் குற்றம் அன்று, சுமையின் குற்றம்.

காஸ்டரை மீட்பதற்குப் பட்டைக்கும் அச்சின் இருக்கைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு ஒன்றை வைத்து யூ போல்ட்டை முறுக்குவது வழக்கம். ஒரு பாகையில் தொடங்கிப் பல அளவுகளில் ஆப்புத் தகடுகள் உண்டு. ஆனால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அச்சைப் பின்னோக்கிச் சாய்த்தால், அதனோடு சேர்ந்து டிஃபரன்ஷியலின் மூக்கும் கீழ்நோக்கிச் சாய்ந்து, டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து வரும் முன் புரொப்பல்லர் தண்டின் குறுக்கு மூட்டு கூடுதல் கோணத்தில் மடங்க வேண்டியதாகிறது. உயர்த்தியதால் ஏற்கெனவே செங்குத்தாகிவிட்ட அந்தத் தண்டு, 4 பாகை ஆப்பை வைத்தபின் முனகத் தொடங்கினால், ஸ்டியரிங்கைக் காப்பாற்றி மூட்டைப் பலி கொடுத்ததாக ஆகும். இரண்டையும் காக்க ஒரே வழி, அச்சுக் குழாயின் முனையில், சக்கரத்தைத் தாங்கிக் கிங் பின்னில் திரும்பும் நக்கிள் பொருந்தும் பகுதியை அறுத்துத் திருப்பி மீண்டும் வெல்டிங் செய்வது. அது துல்லியமான பொருத்துச் சாதனம் இல்லாத பட்டறையில் தொடக்கூடாத வேலை.

திட அச்சு வண்டியை உயர்த்தும்போது சக்கரக் கோணங்களில் மாறுவது காஸ்டர் மட்டுமே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சக்கரத்தின் பக்கச் சாய்வாகிய கேம்பரும், கிங் பின்னின் உட்சாய்வும் அச்சின் வார்ப்பிலேயே அமைந்தவை. வில்லிஸ் வண்டிகளில் அவை முறையே ஒன்றரைப் பாகையும் ஏழரைப் பாகையும் ஆகும். அலைன்மென்ட் கடையின் கருவி கேம்பர் மாறியிருக்கிறது என்று காட்டினால், அச்சுக் குழாய் வளைந்திருக்கிறது அல்லது கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைத் ‘திருகிச் சரிசெய்ய’ அங்கே திருகு எதுவும் கிடையாது.

இரண்டாவது பெருங்கோளாறு, குண்டும் குழியுமான சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வண்டி திசை மாறுவது. ஸ்டியரிங் பெட்டி சேஸிசில் பொருத்தப்பட்டிருக்கிறது. அது திருப்பவேண்டிய நக்கிளோ அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கம்பிக்கு டிராக் லிங்க் என்று பெயர். அது ஏறத்தாழ கிடைமட்டமாக இருக்கும்வரை, அச்சின் ஏற்ற இறக்கத்தால் அதன் கிடைநீளம் மிகச் சிறிதளவே மாறும். 600 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி கிடைமட்டத்திலிருந்து 50 மில்லிமீட்டர் இறங்கினால், கிடைநீளம் குறைவது 2 மில்லிமீட்டர். வண்டியை உயர்த்தியதால் அதே கம்பி ஏற்கெனவே 100 மில்லிமீட்டர் சரிந்து நிற்கிறது என்று கொள்வோம். சக்கரம் ஒரு குழியில் மேலும் 50 மில்லிமீட்டர் இறங்கும்போது கிடைநீளம் குறைவது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். நக்கிளின் நெம்புகை 150 மில்லிமீட்டர் என்றால், ஓட்டுநரின் கை அசையாமலே முன்சக்கரங்கள் 4 பாகை திரும்பிவிடுகின்றன என்பதே இதன் பொருள். பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் முன்பகுதி அமுங்குவதும் அச்சின் நிலையை மாற்றுவதால், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்ற புகாருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டிரம்மைக் கழற்றி லைனிங்கை மாற்றுவதற்கு முன்னால் குனிந்து டிராக் லிங்க்கின் சரிவை ஒருமுறை பார்ப்பது செலவில்லாத காரியம். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம் என்னும் நெம்பைக் கூடுதல் இறக்கமுள்ளதாக மாற்றுவதோ, நக்கிளின் பக்கத்தில் கம்பி சேரும் இடத்தை உயர்த்துவதோ இதற்கு மருந்து. இரண்டாவதே மேல். இறக்கம் கூடிய பிட்மேன் ஆர்ம், பெட்டியின் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் கூடுதல் முறுக்கத்தைச் சேர்த்துவிடும்.

மூன்றாவது, மூட்டுகளின் தேய்மானம். இது உயர்த்தியதால் பிறப்பதன்று. முப்பது நாற்பது ஆண்டு ஓடிய எந்த ஜீப்பிலும் இருப்பது. எனினும், உயர்த்தலும் பெரிய டயரும் ஒவ்வொரு மூட்டின் மீதும் வரும் விசையைக் கூட்டி, உறங்கிக்கொண்டிருந்த தேய்மானத்தை எழுப்பிவிடுகின்றன. திண்டுக்கல் பூட்டின் உள்ளே அடுக்கிய நெம்புகள் ஒவ்வொன்றிலும் இம்மியளவு தேய்வு ஏற்பட்டால் தனித்தனியே எதுவும் குறையாகத் தோன்றாமல், எல்லாம் சேர்ந்தபோது வேற்றுச் சாவிக்கும் பூட்டு திறந்துகொள்வதைப் போல, ஸ்டியரிங் தொடரிலும் பிட்மேன் ஆர்ம் தொடங்கி டை ராடின் கடைசிப் பந்துமூட்டு வரை ஒவ்வொன்றின் ஆட்டமும் ஒன்றோடொன்று கூடுகிறது. பெட்டியின் பல் விகிதம் பதினான்குக்கு ஒன்று என்றால், நக்கிள் நெம்புகையில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் ஸ்டியரிங் வட்டத்தின் விளிம்பில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வெற்றுச் சுழற்சியாகத் தெரியும்.

இந்த ஆட்டத்தைத் தேடும் முறை இருவர் செய்யவேண்டியது. சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கையளவு மட்டும் விட்டுவிட்டு ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு கைக்குத் தெரியும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடமே குற்றவாளி. பெட்டியைச் சேஸிசில் இறுக்கும் போல்ட்டுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள சேஸிஸ் தகட்டில் தலைமுடி போல ஓடும் விரிசலையும் பலர் தேடுவதேயில்லை. பெரிய டயர் போட்ட பழைய ஜீப்புகளில் அந்த இடத்தைச் சேற்றைச் சுரண்டிவிட்டுப் பார்ப்பது கட்டாயம். பட்டைக் கண்களிலுள்ள புஷ்களும் ஸ்டியரிங் உறுப்புகளே என்று கருதத்தக்கவை, ஏனெனில் அவை தேய்ந்தால் முழு அச்சுமே பக்கவாட்டில் நகர்ந்து, ஸ்டியரிங் திரும்பியதும் வண்டி திரும்புவதற்கு ஒரு கணம் தாமதமாகிறது. யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் வெட்டுண்டு போயிருந்தால், அச்சு ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாக நகர்ந்துவிடும்; இரு பக்கமும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே டேப் பிடித்தாலே அது தெரிந்துவிடும்.

ஆட்டம் என்றதும் ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்குவது பட்டறைகளின் முதல் கைப்பழக்கமாக இருக்கிறது. அது வருந்தத்தக்கது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பெட்டியின் உட்பற்கள் நடுப்பகுதியில்தான் மிகுதியாகத் தேய்கின்றன. நடுவில் உள்ள ஆட்டம் போகுமளவுக்குத் திருகை இறுக்கினால், தேயாத இருபுறங்களிலும் பற்கள் கவ்விக்கொண்டு, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பிவர மறுக்கிறது. குறைந்த காஸ்டருக்குரிய அறிகுறியும் இதுவே என்பதால், அடுத்து வண்டியைப் பார்ப்பவர் ஆப்புத் தகடு வைக்கப் போய்விடுவார். திருகைத் தொடவேண்டுமானால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் தனியே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுழற்றிப் பார்த்த பின்னரே தொட வேண்டும்.

கிங் பின்னை ஆராய, முன் அச்சை ஜாக்கியால் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங்கிலா கிங் பின்னிலா என்ற கேள்வி எழும். மற்றொருவரை பிரேக் மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டினால் விடை கிடைக்கும்: பிரேக் பிடித்ததும் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால், ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் கிங் பின். இவ்வகை அச்சுகளில் கிங் பின் மேலும் கீழும் கூம்புருளை பேரிங்குகளில் நிற்க, அவற்றின் இறுக்கம் மேல்மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளால் அமைகிறது. ஒரு ஷிம்மை எடுத்தால் இறுக்கம் கூடும். நக்கிள் ‘வழுக்கிக்கொண்டு’ திரும்புவது நல்லது என்று பலர் எண்ணுவது தவறு. கையால் திருப்பும்போது சீரான, சிறிதளவு எதிர்ப்பு இருக்க வேண்டும். அந்த எதிர்ப்பே அடுத்துக் கூறப்போகும் பேயாட்டத்துக்கு முதல் தடை.

ஜீப் ஓட்டுவோர் வோபிள் என்று கூறி அஞ்சும் அந்தக் கோளாறு, 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பாலத்து இணைப்பையோ சிறு பள்ளத்தையோ தாண்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிகொண்டு அடித்துக்கொள்வதாகும். வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும்வரை அது நிற்காது. பொறியியலில் ஷிம்மி என்று வழங்கும் இது நூறாண்டுப் பழமையுள்ள சிக்கல். 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் திட அச்சுக் கார்களில் பரவியபோது இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருந்தொல்லையாக எழுந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதைப்பற்றி ஆராய்ந்து எழுதினார். 1934 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கரங்களுக்குத் தனித்தனித் தொங்கலமைப்பைக் கொண்டுவந்ததற்கான காரணங்களுள் இதிலிருந்து விடுபடுவதும் ஒன்று. 2010இல் வந்த மஹிந்திரா தாரின் சி.ஆர்.டி.இ வகை முன்பக்கத்தில் திட அச்சைக் கைவிட்டதால், இந்நோய் அதன் தாத்தாக்களுக்கே உரியதாக நின்றுவிட்டது.

திட அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மறு சக்கரமும் அதனோடு சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்றைச் சாய்த்தால் அது சுழலியின் இயல்புப்படி சாய்த்த திசைக்குக் குறுக்கே திரும்ப முயல்கிறது, அதாவது ஸ்டியரிங் திரும்புகிறது. திரும்பிய சக்கரம் தரையிலிருந்து பெறும் பக்கவிசை அச்சை மறுபுறம் சாய்க்க, அது மறுதிசையில் திருப்ப, வண்டியின் முன்னோட்ட ஆற்றலிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு அலைவு பெருகுகிறது. இதைத் தன்னூக்க அலைவு என்பர். மூட்டுகளில் உராய்வும் இறுக்கமும் போதுமான அளவு இருந்தால் பெருகும் ஆற்றலை அவை விழுங்கிவிடும். ஆட்டம் உள்ள மூட்டில் அந்த விழுங்கல் இல்லை. தொடக்கத் தூண்டுதல் பெரும்பாலும் சமனற்ற டயரிலிருந்து வருகிறது. 7.50-16 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.35 மீட்டர் உருளும் என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 7 முறை சுழல்கிறது. இத்தகைய அச்சு–ஸ்டியரிங் தொகுதிகளின் இயல் அதிர்வெண்ணும் அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே டயர் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் சுழல்வதால் எதையும் தூண்டுவதில்லை. சிறுமலையில் சாதுவாக இருந்த வண்டி நான்குவழிச் சாலையில் பேயாடுவதன் இயற்பியல் இவ்வளவே.

இந்த அலைவுக்கு ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்துவதே தீர்வு என்று உதிரிபாகக் கடைகளில் கூறப்படுகிறது. எண்ணெய் நிரம்பிய அந்தச் சிறு உருளை அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்குவது உண்மையே. ஆனால் அது மூட்டின் ஆட்டத்தைக் குறைப்பதில்லை, வெளியே தெரியாமல் மறைக்கிறது. மறைந்த ஆட்டம் வளர்ந்துகொண்டேயிருந்து, டேம்பர் தளர்ந்த அன்று முன்னிலும் கடுமையாகத் திரும்பி வரும். ஆராயும்போது டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆராய வேண்டும். டேம்பர் இல்லாமலே அடங்கியிருக்கும் வண்டிக்கு அதைப் பொருத்துவதில் குற்றமில்லை.

டயர் பற்றிய ஐயத்தைத் தீர்ப்பது எளிது: முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றிப்போட்டு ஓட்டினால், நடுக்கம் இடம்பெயர்ந்ததா என்பது தெரியும். நைலான் டயர் போட்ட வண்டி நாட்கணக்கில் நின்றிருந்தால் தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டருக்கு நடுங்கிவிட்டுச் சூடானதும் அடங்கும். அதற்காகக் கழற்றவேண்டியது எதுவுமில்லை. வெளியே தள்ளி நிற்கும் அகலமான டிஸ்க் போட்டிருந்தால் கதை வேறு. கிங் பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் அதனால் கூடிவிடுவதால், ஒவ்வொரு கல்லும் நீண்ட நெம்புகையைக் கொண்டு ஸ்டியரிங்கை உதைக்கிறது. அழகுக்காகச் செய்த அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவதைத் தவிர அதற்கு மருந்து கிடையாது.

அளவெடுத்தல் கடைசியில் வர வேண்டும். ஆட்டம் உள்ள மூட்டுகளோடு எடுத்த அலைன்மென்ட் அளவு, அந்தக் கணத்துக்கு மட்டும் உண்மையான ஓர் எண். காஸ்டரை அறிய, சமதரையில் வண்டியை நிறுத்தி, நக்கிளின் மேல்மூடி தட்டையாக இருந்தால் அதன்மேல் கோணமானியை முன்பின்னாக வைத்துப் படிக்கலாம். முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்று நெருங்கியிருக்கும் டோ-இன் என்னும் அளவுக்குக் கருவியே தேவையில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் ஆணிமுனையால் ஒரு கோடு கீறி, இறக்கிவைத்து வண்டியைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்திய பின், முன்னாலும் பின்னாலும் அச்சின் உயரத்தில் கோட்டுக்குக் கோடு டேப் பிடித்தால் வித்தியாசமே டோ-இன். வில்லிஸ் வண்டிகளுக்கு அது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். உருட்டாமல் அளந்தால், தூக்கி இறக்கியபோது டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும் அளவும் கணக்கில் ஏறிவிடும்.

சட்டத்தின் நிலையும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிப்படுத்தியது. பழைய உயரத்துக்கே திரும்புவதும் ஒரு மருத்துவம்தான் என்பதைப் பட்டறைகள் உரிமையாளரிடம் சொல்லத் தயங்குகின்றன, தயங்கவேண்டியதில்லை.

திருத்தம் முடிந்த வண்டியைப் போக்குவரத்துக் குறைந்த வேளையில், நீண்ட நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டரில் தொடங்கிப் பத்துப் பத்தாக உயர்த்திச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அலைகிறதா, திரும்பி வருகிறதா, சிறு மேட்டைத் தாண்டியபின் நடுக்கம் எத்தனை அலைவில் அடங்குகிறது என்பதைக் கவனித்த பிறகே அடுத்த படிக்குப் போகலாம். அதன் பின்னரும் ஒரு மாதம் கழித்து டயரின் மேற்பரப்பைக் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது நல்லது. வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தடவும்போது ரம்பப்பல் போல உறுத்தலாகவும் இருந்தால் டோ-இன் தேவைக்கு மேல் இருக்கிறது. உறுத்தல் மறுதிசையில் இருந்தால் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து ஓடுகின்றன, டை ராடின் பூட்டு நட்டு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.